தூண்டில் நரம்பின் வலிமைத் தேர்வு

தூண்டில் நரம்பின் வலிமைத் தேர்வு என்பது மீன்பிடிக் கம்பு, ரீல் ஆகியவற்றின் தாங்குதிறனுக்கு ஏற்ற நரம்பைத் தெரிவு செய்வதைக் குறிக்கும். நரம்பை அறுக்கத் தேவையான இழுவிசையே அதன் வலிமை எனப்படுகிறது. இது பவுண்டு அல்லது கிலோகிராம் அலகில் நரம்புச் சுருளின் மீது அச்சிடப்பட்டிருக்கும்; நரம்பின் சொந்த எடைக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. இலகுரக ஸ்பின்னிங் கம்புகளுக்குப் பொதுவாக 4 முதல் 8 பவுண்டு வரையிலான (ஏறத்தாழ 1.8 முதல் 3.6 கிலோ) நைலான் நரம்பு பொருத்தமானதாகும். நைலான் நரம்பு தங்கூசி என்றும் அழைக்கப்படுகிறது.

பின்னணி

விருதுநகர் மாவட்டக் கண்மாய்களில் மூங்கில் கம்பின் நுனியில் நரம்பைக் கட்டி, தக்கையும் மண்புழுவும் கொண்டு மீன் பிடிப்பது பழைய முறை. இதில் ரீல் இல்லை. மீன் இழுக்கும்போது விட்டுக்கொடுக்க நரம்பு மிச்சம் இல்லாததால், தடித்த நரம்பைக் கட்டுவதே பாதுகாப்பானது. ரீல் பொருத்திய மெல்லிய கம்பிற்கு மாறுபவர்கள் இதே பழக்கத்தைத் தொடர்வதே கம்பு முறிவதற்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

ஸ்பின்னிங் ரீலில் சுருளி சுழலாமல் நிற்க, நரம்பு அதன் விளிம்பு வழியாக உருவிக்கொண்டு செல்கிறது. இங்கிலாந்தின் பிராட்போர்டு நெசவாலைத் தொழிலைச் சேர்ந்த ஆல்பிரட் இல்லிங்வொர்த் இவ்வகை ரீலுக்கு 1905-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். ஆலையின் நூற்கண்டிலிருந்து நூல் உருவப்படும் விதமே இதற்குத் தூண்டுதல் என்பர். நூற்பாலைகள் நிறைந்த இராசபாளையத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் இயக்கத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

கம்பின் மீதுள்ள குறிப்பு

கைப்பிடிக்கு மேலே நரம்பின் வலிமை வரம்பு பவுண்டிலும், எறியத்தக்க போலி இரையின் எடை கிராமிலும் எழுதப்பட்டிருக்கும். மேல் வரம்பைக் கடந்த நரம்பைக் கட்டினால், இழுவை மிகும்போது நரம்பு அறுவதற்கு முன் கம்பு முறியக்கூடும். மின்சுற்றில் உருகு கம்பி செய்யும் வேலையை இங்கு நரம்பு செய்கிறது. கீழ் வரம்பிற்கும் குறைவான நரம்பு, சற்று கனமான ஈயக்குண்டை வேகமாக எறியும்போதே அறுந்துவிடலாம்.

தடிமனும் கொள்ளளவும்

ஒரே வகை நைலானில் வலிமை விட்டத்தின் வர்க்கத்திற்கு ஏறக்குறைய நேர் விகிதத்திலும், சுருளியில் அடங்கும் நீளம் அதே வர்க்கத்திற்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும். எடுத்துக்காட்டாக, 0.25 மி.மீ. நரம்பு 200 மீட்டர் கொள்ளும் சுருளியில் 0.35 மி.மீ. நரம்பு சுமார் 100 மீட்டரே கொள்ளும். இலகுரகக் கம்பிற்குரிய 1000, 2000 எண் ரீல்களின் சுருளி சிறியது. அதில் தடித்த நரம்பு சுருள் சுருளாகத் துள்ளி முதல் வளையத்தில் உரசுவதால் எறியும் தொலைவு குறைகிறது.

பாலித்தீன் இழைகளைப் பின்னிச் செய்யப்படும் நரம்பு, அதே தடிமனுள்ள நைலானைவிட மிகவும் வலியது. எனினும் அது மிகக் குறைவாகவே நீள்வதால், மீனின் திடீர் இழுப்பு முழுவதும் கம்பின் மீது விழுகிறது. மெல்லியதாக உள்ளதே என்று 20 பவுண்டு பின்னல் நரம்பை இலகுரகக் கம்பில் ஏற்றுவது ஆபத்தானது.

டிராக் அமைப்பு

ரீலில் உள்ள டிராக் எனப்படும் இழுவைக் கட்டுப்பாடு, குறிப்பிட்ட விசைக்கு மேல் நரம்பை வழுக்கிச் செல்ல விடுகிறது. இதனை நரம்பு வலிமையில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை அமைப்பது வழக்கம். இவ்வளவு குறைவாக வைப்பது வீண் என்று தோன்றலாம், கணக்கு வேறு. 3.6 கிலோ நைலான் நரம்பு நனைந்தால் அதன் வலிமை பத்தில் ஒரு பங்கு குறைவதாகக் கொண்டால் 3.2 கிலோ மிஞ்சும். முடிச்சு அதில் கால் பங்கை எடுத்துக்கொண்டால் எஞ்சுவது 2.4 கிலோ. சாதாரண ஒற்றை முடிச்சு ஏறத்தாழப் பாதியையே பறித்துவிடும். இதற்கு மேல் மீன் துள்ளும் திடீர் விசையும் உள்ளது. மேலும், நரம்பு வெளியேறிச் சுருளியின் சுற்று சிறுத்தால் அதே டிராக்கில் இழுவிசை கூடும். விட்டம் பாதியானால் விசை இரு மடங்காகும்.

வில் தராசு இல்லாதோர், ஒரு லிட்டர் நீர் நிறைந்த புட்டியை நரம்பில் கட்டித் தொங்கவிடலாம். அது மெல்ல இறங்கத் தொடங்கும் நிலையே ஏறத்தாழ ஒரு கிலோ டிராக் ஆகும். 8 பவுண்டு நரம்பிற்கு இது போதுமானது.

கண்மாய்களிலும் அணைகளிலும்

வைப்பாற்றின் வெம்பக்கோட்டை அணை, அர்ச்சுனா நதியின் ஆனைக்குட்டம் அணை ஆகியவை சிவகாசிப் பகுதியின் முக்கிய நீர்நிலைகள். திறந்த நீரில் ஜிலேபி மீனுக்கு 4 முதல் 6 பவுண்டு நரம்பு போதும். கட்லா பெரிதாக வளரும் மீன் எனினும், டிராக் சரியாக இருந்து சுருளியில் நீளமும் இருந்தால் 8 பவுண்டு நரம்பிலேயே அதனைக் களைப்படையச் செய்ய இயலும்.

இம்மாவட்டத்தில் மீனின் எடையைவிடப் பெரிய சிக்கல் சீமைக்கருவேலம் ஆகும். கோடையில் வறண்ட கண்மாயில் முளைத்து வளரும் இம்மரம், வடகிழக்குப் பருவமழையில் நீர் நிறைந்ததும் முள்ளும் கிளையுமாக நீருக்கடியில் நிற்கிறது. தூண்டிலில் சிக்கிய விரால் அதற்குள்ளோ களைக்குள்ளோ புகுந்துகொள்ளும். அங்கு மெல்லிய நரம்பு உரசி அறுகிறது. தடித்த நரம்பு கட்டினால் கம்பு முறிகிறது. கொக்கிக்கு முன்னால் மட்டும் ஓரடி நீளத்திற்குத் தடித்த நரம்பை இணைப்பது ஒரு வழி. அறுந்தாலும் பெரும்பாலும் இணைப்பு முடிச்சில்தான் அறும் என்பதால், நீரில் தங்கும் நரம்பும் குறைவு. அடர்ந்த முட்காட்டிற்கு இதுவும் போதாது. அத்தகைய இடத்தில் இலகுரகக் கம்பைத் தவிர்த்துவிடுவதே சரி.

கொக்கி மாட்டிக்கொண்டால் கம்பை வளைத்து இழுக்கலாகாது. கம்பை நரம்பின் நேர்கோட்டில் நீட்டி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நரம்பைப் பிடித்து இழுக்க வேண்டும். நைலான் எளிதில் மட்குவதில்லை. நீரில் விடப்பட்ட நரம்பு நாரை, கொக்கு போன்ற பறவைகளின் காலில் சுற்றி அவற்றைக் கொல்லக்கூடும்.

கண்மாய்களின் மீன்பாசி உரிமை ஏலம் விடப்படுவதால், மீன் பிடிக்குமுன் குத்தகைதாரரின் ஒப்புதல் தேவை.

தேய்மானம்

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் நைலானை நலிவடையச் செய்கின்றன. நரம்பின் கடைசி ஓரிரு அடிகளை விரல்களுக்கிடையே உருவிப் பார்த்து, சொரசொரப்பு தென்பட்டால் அப்பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சிட வேண்டும். முடிச்சை இறுக்குமுன் நனைப்பது உராய்வின் வெப்பத்தால் நரம்பு பழுதாவதைத் தடுக்கும்.