பள்ளி உணவும் நான்கு காசுப் பங்கும்

பள்ளிப் பிள்ளை ஒருவனுக்கு ஒரு வேளைச் சோறு போட என்ன செலவாகும்? அந்தச் செலவை யார் ஏற்பது? முதல் கேள்விக்குக் கணக்குப் புத்தகம் விடை சொல்லிவிடும். இரண்டாவது கேள்விதான் நூறாண்டுகளாக நம்மைச் சுற்றி வருகிறது. தேனியையும் கம்பம் பள்ளத்தாக்கையும் அறிந்த ஒருவருக்கு அதன் கடுமை சட்டென விளங்கும்.

1920ஆம் ஆண்டில் சென்னை நகராண்மைக் கழகத்தின் தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த நகராண்மைப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர அக்கழகம் முடிவு செய்தது. தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. பிள்ளைகளின் வருகை கூடியது. வேறு சில பள்ளிகளுக்கும் திட்டம் பரவியது. ஆனால் தொடக்கக் கல்விக்கான நிதியிலிருந்து உணவுக்குப் பணம் எடுப்பதை ஆங்கில அரசு ஒப்பவில்லை. 1925இல் அடுப்பு அணைந்தது. அரிசி இல்லாமல் போகவில்லை, சமைக்க ஆள் இல்லாமலும் போகவில்லை. எந்தத் தலைப்பில் செலவெழுதுவது என்ற ஒன்றே இடித்தது!

முப்பது ஆண்டுகள் கழித்து, காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கப்பெற்றது. கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதற்கு முன்னின்று உழைத்தார். தொடக்கத்தில் ஊர்ப் பொதுமக்களின் நன்கொடையை நம்பியே உலை ஏறியது. அடுத்த ஆண்டில் அரசும் பங்கேற்றது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு எனக் கணக்கிட்டு, ஆறு காசை அரசு தரும், மீதி நான்கு காசை ஊர் தரவேண்டும் என்று வகுத்தார்கள். புதுக் காசு புழக்கத்துக்கு வந்ததும் அதே 1957இல்தான். பழைய ஓரணா என்பது ஆறேகால் காசு. ஆக, சென்னையில் 1920இல் ஒரு பிள்ளைக்கு வகுத்த தொகைக்குச் சற்றுக் குறைவானதே, முப்பத்தேழு ஆண்டு விலையேற்றத்துக்குப் பின் அரசு தந்த பங்கு.

நான்கு காசு அற்பத் தொகையாகத் தோன்றும். நூறு பிள்ளைகள் உண்ணும் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு நான்கு ரூபாய். ஆண்டுக்கு 200 நாள் என்றால் 800 ரூபாய். இதை நெல்லாகவும் விறகாகவும் காய்கறியாகவும் ஊரார் சேர்க்கவேண்டும். கம்பத்துக்கு இது பெரிதல்ல. 1895இல் முல்லைப் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து இறங்கிய பின், பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளையும் நிலமாயிற்று. களத்தில் நெல் கிடக்கும்போது பள்ளிக்கு ஒரு மூட்டை கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அப்படியே கிழக்கே ஆண்டிபட்டிப் பக்கம் வாருங்கள். அது வானம் பார்த்த பூமி. 1959இல் அருகிலேயே வைகை அணை திறக்கப்பட்டும், அதன் நீர் கீழே மதுரைச் சீமைக்குப் போயிற்றே தவிர இந்த மேட்டு நிலத்துக்கு ஏறவில்லை. மழை பொய்த்த ஆண்டில் இங்கே பள்ளிக்கு நெல் தருவது யார்? அந்த ஆண்டில்தான் பிள்ளைகளுக்குப் பசியும் அதிகம். ஊர்ப் பங்கு என்ற ஏற்பாட்டின் குறை இதுவே என்பது என் கருத்து. விளைச்சல் மிக்க ஊரில் உணவும் மிகும், காய்ந்த ஊரில் உணவும் காயும். காமராசர் காலத்துத் திட்டத்தின் பெருமை இதனால் குறைந்துவிடாது. ஊரே கூடிப் பள்ளியைத் தன் பொருளாக நினைத்தது அப்போதுதான். ஆனால் நன்கொடையை வரி போல் நாள்தோறும் எதிர்பார்க்க முடியாது. 1961 முதல் ‘கேர்’ என்னும் அமெரிக்க அறநிறுவனம் பால்பொடி, சோளமாவு, தாவர எண்ணெய் ஆகியவற்றை வழங்கி ஓரளவு தாங்கிப் பிடித்தது.

1982 சூலை முதல் நாள், திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பணம் எங்கிருந்து வரும் என்று பொருளாதாரம் அறிந்தவர்கள் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வியே. 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு உணவு என்பது விளையாட்டல்ல. ஆயினும் நான்கு காசுப் பங்குக்கு ஊரைக் கேட்கும் நிலை போயிற்று. ஆண்டிபட்டிப் பிள்ளைக்கும் கம்பத்துப் பிள்ளைக்கும் ஒரே அளவு அரிசி. 1984இல் பத்தாம் வகுப்பு வரை திட்டம் நீண்டது.

நிர்வாகத்தில் ஒரு சிறு நுட்பத்தைப் பார்ப்போம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, 15 கிராம் பருப்பு என்பது நெடுங்காலமாக உள்ள அளவு. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 400 கலோரி ஆற்றலும் 10 கிராம் புரதமும் தரும். ஒரு முட்டையில் மட்டும் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. முட்டைக்கு இன்னொரு குணமும் உண்டு: அதில் தண்ணீர் ஊற்ற முடியாது! சாம்பாரில் பருப்பு குறைந்தால் பிள்ளைக்குத் தெரியாது. தட்டில் முட்டை இல்லையென்றால் ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் கேட்கும். 1989இல் இரு வாரத்துக்கு ஒன்று, 1998இல் வாரம் ஒன்று, 2010இல் வாரம் ஐந்து என்று அது ஏறியது. நான் தொடக்கப் பள்ளியில் படித்தபோது முட்டை நாளில் வருகைப் பதிவேடு நிரம்பி வழிந்ததை மறக்கவில்லை. ஒருமுறை எண்ணிக்கை குறைந்து, கடைசி வரிசையில் இருந்த எங்களுக்குப் பாதிப் பாதியாக நூலால் அறுத்துத் தந்தார் சமையல்கார அம்மா. அவர் கைக்கணக்கு துல்லியமாக இருந்தது.

அரிசிக்கும் பருப்புக்கும் அளவு சொல்பவர்கள் அடுப்பெரிக்கும் செலவை எளிதில் மறந்துவிடுகிறார்கள். வெப்பவியல் பாடத்தில் வரும் ரம்ஃபோர்டு பிரபு இதை மறக்கவில்லை. பீரங்கி துளையிடும்போது எழுந்த சூட்டைக் கண்டு, வெப்பம் ஒரு பாய்மம் அல்ல என்று 1798இல் வாதிட்டவர் அவரே. அதற்கு முன், 1790இல், மியூனிக் நகரில் ஏழைகளுக்கு உணவு வழங்கும் பொறுப்பை ஏற்றிருந்தார். பார்லி, பட்டாணி முதலியவற்றால் கூழ் காய்ச்சி, மூடிய அடுப்புகளை வடிவமைத்து விறகை மிச்சம் பிடித்தார். நீர் கொதித்த பின் எவ்வளவு தீயை ஏற்றினாலும் அதன் வெப்பநிலை உயராது. கூடுதல் விறகெல்லாம் ஆவியாகவே போகும். நம் மேகமலையில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், நீர் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடும். எனவே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகக் கூடுதல் நேரம் ஆகும். மலையில் இருக்கும் கூடத்துக்கும் சமவெளிக் கூடத்துக்கும் தலைக்கு ஒரே எரிபொருள் தொகை என்றால் இயற்பியல் அதை ஏற்காது.

பள்ளத்தாக்கின் பெரிய இடர் மதியத்தில் இல்லை, காலையில் இருக்கிறது. கம்பம், போடி ஊர்களிலிருந்து பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பமெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரள மலையின் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். என் தாயாரும் போனவர்தான். முந்தின இரவே பொங்கிய சோற்றில் நீர் ஊற்றி வைத்திருப்பார். மூடியைத் திறப்பதும் தம்பிக்குப் பங்கிடுவதும் என் வேலை. சில நாள் அடிப்பானையில் நீராகாரம் மட்டும் இருக்கும்.

2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அந்த இடத்தைத்தான் தொட்டது. முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள், ஒதுக்கீடு 33.56 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2,940 ரூபாய். பள்ளி நாட்களால் வகுத்தால் நாளைக்குப் பதின்மூன்று ரூபாய் அளவில் நிற்கும். 2023இல் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிந்தது. சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர்.

தாயாரிடம் இதைச் சொன்னேன். “எட்டு மணிக்குள்ள உப்புமா வேணும்னா அவ எத்தனை மணிக்கு எந்திரிக்கணும்?” என்று கேட்டார். ஜீப்பில் இடம் பிடிப்பவளும் பள்ளி அடுப்பை மூட்டுபவளும் அதே இருட்டில்தான் வீட்டை விட்டுக் கிளம்பவேண்டியிருக்கிறது. சமைக்க வருபவள் அன்றைய மலைக்கூலியை விட்டுத்தான் வருகிறாள். தலைக்குப் பதின்மூன்று ரூபாய் என்ற கணக்கில் அந்தக் கூலி ஏறவில்லை.