தண்டவாளத்தின் இரு பக்கம்: கிங்ஸ் சர்க்கிள்–தாராவி வட்டாரத்தில் தன்னார்வக் கல்விப் பணியின் வரலாறு

மாட்டுங்கா ரயில் நிலையத்துக்குக் கிழக்கே கிங்ஸ் சர்க்கிள். மேற்கே ரயில்வே பணிமனையைத் தாண்டினால் லேபர் கேம்ப். அதை ஒட்டித் தாராவி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். இரண்டு பக்கமும் தமிழர் குடியேறித் தலைமுறைகள் ஆகிவிட்டன. கிழக்குப் பக்கத்தின் வரலாறு பஜனை சமாஜங்கள், ஓட்டல்கள், 1963இல் திறக்கப்பட்ட ஷண்முகானந்தா அரங்கம் என்று ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. மேற்குப் பக்கம் பெரும்பாலும் குடிசை, நெரிசல், மறுசீரமைப்பு என்ற தலைப்புகளில்தான் ஏடுகளில் இடம்பெறுகிறது. இரண்டையும் இணைத்த ஒரு பணி உண்டு: கூலி எதிர்பாராமல் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பணி. யார் கற்பித்தார்கள், யாருக்கு, எந்த மொழியில் என்ற மூன்று கேள்விகளை வைத்து அதன் வளர்ச்சியை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 90 ஆண்டுகளில் கற்பிப்பவர் படிப்பவரின் தெருவுக்கு மெல்ல மெல்ல நெருங்கி வந்தார். அந்த நெருக்கம்தான் பணிக்கு வலு சேர்த்தது. ஆனால் அதே காலத்தில் தமிழ் அந்தப் பணியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

தங்களுக்காகத் தாங்களே

1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக்தான் மாட்டுங்காவை உருவாக்கியது என்று சொல்வதில் மிகையில்லை. நெரிசலைக் குறைக்க 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட், தீவின் வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் மனைகளைப் பிரித்துச் சாலைகள் போட்டது. 1920களிலும் 30களிலும் அங்கே எழுந்த அடுக்குக் கட்டடங்களில் தென்னிந்தியக் குமாஸ்தாக்களும் தட்டச்சர்களும் கணக்கர்களும் வாடகைக்குக் குடிவந்தனர். ஊரில் சாதியாலும் மாவட்டத்தாலும் பிரிந்து கிடந்தவர்கள் இந்த அடுக்கு வீடுகளில்தான் தங்களைத் தென்னிந்தியர் என்று ஒரே பெயரில் பார்க்கத் தொடங்கினார்கள் என்பது நிகில் ராவ் 2013இல் வெளியிட்ட மாட்டுங்கா குறித்த நூலின் முக்கியமான முடிவு.

அந்தப் பெயரிலேயே பள்ளியும் வந்தது. 1923இல் ஆஸ்திக சமாஜமும் 1927இல் தென்னிந்திய பஜனை சமாஜமும் தோன்றின, 1932இல் எம். வி. வெங்கடேஸ்வரன் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். மாட்டுங்காவில் ஓர் எளிய தொடக்கப் பள்ளிதான் முதற்படி. இன்று எஸ்.ஐ.இ.எஸ். என்று நகரம் முழுதும் அறியப்படும் அந்த அமைப்பு 1960இல் சயானில் கல்லூரியும் திறந்தது. 1934இல் பக்கத்து வடாலாவில் தென்னிந்தியர் நலச் சங்கம் தோன்றி, அதுவும் பள்ளி நடத்தியது. கோயிலையும் பஜனையையும் நடத்திப் பழகிய கைகள், சந்தா திரட்டவும் வரவுசெலவு எழுதவும் கூட்டம் கூட்டவும் தெரிந்த கைகள், பள்ளிக்கும் போதுமானவையாக இருந்தன. பள்ளி நிர்வாகம் என்பது அலுவலகம் விட்டு வந்தபின் மாலை வேளைகளில் செய்த சேவை. இந்த வட்டாரத்தில் தன்னார்வம் முதலில் எடுத்த வடிவம் இதுவே: தன் சமூகத்துப் பிள்ளைக்குத் தானே பள்ளி கட்டிக்கொள்வது.

தாராவியிலும் அதுதான் நடந்தது, குறைந்த பணத்தோடும் மிகுந்த தடைகளோடும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஆதிதிராவிடரும் முஸ்லிம்களும் அங்கே குடியமர்ந்தனர். ஆதிதிராவிட மகாஜன சங்கம் பிள்ளையார் கோயிலைச் சுற்றி ஒரு பொதுவாழ்வைக் கட்டியது. பிற்காலத்தில் காமராசர் பெயரில் ஆங்கில வழிப் பள்ளி ஒன்றும் தாராவியில் வேர்விட்டது. இவற்றை வெறும் சாதிச் சங்க வேலை என்று ஒதுக்குவது நியாயமில்லை என்று கருதுகிறேன். அரசும் நகராட்சியும் எட்டிப் பார்க்காத சந்துகளில் பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டும் என்ற கவலையை அவைதான் உயிரோடு வைத்திருந்தன. ஆனாலும் கிழக்கும் மேற்கும் தனித்தனியே இயங்கின என்பதே இந்தக் கட்டத்தின் அடிப்படை உண்மை. குமாஸ்தா வீட்டுப் பிள்ளைக்காகத் திட்டமிட்ட பள்ளியில் தோல் தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஓரத்தில்தான் இருந்தான்.

வெளியிலிருந்து வந்தவர்கள்

தண்டவாளத்தைத் தாண்டிப் பிறருக்குக் கற்பிக்கும் மரபு பம்பாயின் சீர்திருத்த இயக்கங்களிலிருந்து வந்தது. பிரார்த்தனா சமாஜத்தார் 19ஆம் நூற்றாண்டிலேயே தொழிலாளருக்கு இரவுப் பள்ளி நடத்தினர். 1906இல் விட்டல் ராம்ஜி ஷிண்டே ஒடுக்கப்பட்டோருக்கான மிஷனைத் தொடங்கினார். 1911இல் நா. ம. ஜோஷி தொடங்கிய சமூக சேவைச் சங்கம் மில் தொழிலாளர் குடியிருப்புகளில் இரவுப் பள்ளிகளையும் படிப்பகங்களையும் திறந்தது. 1924இல் அம்பேத்கர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் நோக்கங்களில் கல்வியும் நூலகமும் முன்னால் நின்றன. நூல்களுக்காகவே அவர் கட்டிய ராஜகிருகம் கிங்ஸ் சர்க்கிளுக்குத் தெற்கே, தாதர் இந்து காலனியில் இருக்கிறது. 1926 வாக்கில் கிளிஃபர்ட் மான்ஷார்ட் நாக்பாடாவில் அண்டையர் இல்லம் ஒன்றை நடத்தத் தொடங்கினார். அந்த அனுபவத்திலிருந்துதான் 1936இல் டாட்டா சமூகப்பணிக் கல்லூரி பிறந்தது. அதுவும் 1950களில் செம்பூரை அடுத்த தேவனாருக்கு இடம்பெயர்ந்து நம் வட்டாரத்துக்கு அண்டை வீடாயிற்று.

பி. ஜி. கேர் தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவைக் காலத்தில் இது நகரளாவிய இயக்கமாக மாறியது. 1939இல் பம்பாய் நகர முதியோர் கல்விக் குழு அமைந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கற்பிக்க வேண்டும் என்ற ஃபிராங்க் லாபக்கின் முழக்கம் அப்போது நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு வந்து மாலை வகுப்பு எடுத்தனர். விடுதலைக்குப் பின் அந்தக் குழு சமூகக் கல்விக் குழு என்று பெயர் மாற்றிக்கொண்டு பல பத்தாண்டுகள் பணிசெய்தது.

பிரசார அலையாக வந்த கல்வியின் பலவீனமும் அப்போதே தெரிந்தது. பெரியவர் ஒருவர் சில மாதங்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். பிறகு படிக்க எதுவுமில்லை. கற்பித்த மாணவர் தேர்வுக்குப் போய்விட்டார். ஓராண்டில் எழுத்து மறந்துபோகிறது. 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் வந்தபோதும் 1978இல் தேசிய முதியோர் கல்வித் திட்டம் வந்தபோதும் இந்தச் சிக்கல் தீரவில்லை. கல்லூரி மாணவரின் ஆர்வத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருடைய ஆண்டு ஜூனில் தொடங்கி மார்ச்சில் முடிவது. சேரிப் பிள்ளையின் ஆண்டுக்கு அப்படிப்பட்ட வரம்பு இல்லை: அம்மாவுக்கு வேலை கிடைக்கும் நாள், தண்ணீர் வரும் நேரம், ஊருக்குப் போகும் மாதம் என்று அதன் கணக்கே வேறு.

மாட்டுங்காவிலிருந்து ஒரு திருப்பம்

இந்த வரலாற்றில் நான் மிக முக்கியமானதாகக் கருதும் திருப்பம் கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்திலேயே பணிசெய்துகொண்டிருந்த ஓர் ஆசிரியரோடு தொடர்புடையது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறை அப்போது மாட்டுங்காவில் இயங்கியது. அமெரிக்காவில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பிய மாதவ் சவான் 1980களின் பிற்பாதியில் அங்கே வேதியியல் கற்பித்தார். 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. அதன் அடுத்த ஆண்டு அவர் பம்பாயின் சேரிகளில் எழுத்தறிவுப் பணியில் இறங்கினார். தமிழ்நாட்டில் அதையடுத்துத்தான் அறிவொளி இயக்கம் பரவியது. புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றதை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அங்கே மாவட்ட நிர்வாகம் முழுதாகப் பின்னால் நின்றது. பம்பாய் போன்ற பெருநகரில் அப்படி ஒரே மூச்சில் ஒரு மாவட்டத்தைத் திரட்டும் வழி இல்லை. முதியோரிடம் தொடங்கிய பணி குழந்தைகளை நோக்கித் திரும்பியதில் இந்த அனுபவத்துக்கும் பங்கு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

1994–95இல் மாதவ் சவானும் ஃபரிதா லாம்பேயும் யுனிசெஃப், மாநகராட்சி ஆகியவற்றின் துணையோடு பிரதம் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் பாலர் வகுப்புகளுக்குத் தனிக் கட்டடம் கிடையாது. கோயில் மண்டபம், மசூதியின் ஒரு பகுதி, கட்சி அலுவலகம், ஆசிரியையின் வீட்டு முன்னறை என்று கிடைத்த இடமெல்லாம் வகுப்பறை ஆயிற்று. கற்பித்தவர் அதே சந்தில் வளர்ந்த இளம்பெண். பால்சகி திட்டம் இதே முறையை நகராட்சிப் பள்ளிக்குள் கொண்டுபோனது. பால்சகி என்றால் குழந்தையின் தோழி. உயர்நிலைப் பள்ளி முடித்த பெண் ஒருவர் சுமார் இரண்டு வாரப் பயிற்சி பெற்று, மூன்றாம் நான்காம் வகுப்பில் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே தனியே அழைத்துச் சென்று, நாளுக்கு இரண்டு மணிநேரம் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிப்பார். அவருக்குச் சிறு தொகை ஒன்று மாதந்தோறும் கிடைத்தது.

இந்தத் திட்டத்தை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ஷான் கோல், லீ லிண்டன் ஆகியோர் 2000களின் தொடக்கத்தில் மும்பையிலும் வடோதராவிலும் பரிசோதித்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். திட்டம் நடந்த பள்ளிகளில் தேர்வு மதிப்பெண் முதலாண்டில் 0.14 திட்ட விலக்கமும் இரண்டாமாண்டில் 0.28 திட்ட விலக்கமும் உயர்ந்திருந்தது. மிகவும் பின்தங்கிய பிள்ளைகளுக்கே பயன் மிகுதி. வழக்கமான வகுப்பில் தங்கிவிட்ட பிள்ளைகள், கூட்டம் குறைந்திருந்தும், சொல்லும்படியாக முன்னேறவில்லை. ஆக, உயர்வு பால்சகியிடம் படித்ததால் வந்தது. திட்டம் முடிந்து ஓராண்டில் அந்த உயர்வு ஏறத்தாழ 0.1ஆகத் தேய்ந்தது என்பதையும் அதே ஆய்வு பதிவுசெய்கிறது. பட்டம் பெறாத பக்கத்து வீட்டு அக்கா, பயிற்சி பெற்ற ஆசிரியரின் வகுப்பறையில் விட்டுப்போன ஓர் இடைவெளியை நிரப்ப முடியும் என்பது நிறுவப்பட்டது. அவர் போய்விட்டால் இடைவெளி மீண்டும் விரியும் என்பதும் உடன் நிறுவப்பட்டது.

இதே காலத்தில் வேறொரு பாதையும் இருந்தது. 1991இல் ஷாஹீன் மிஸ்திரி தொடங்கிய ஆகாங்க்ஷா, கல்லூரி மாணவர்களைக் கொண்டு சேரிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தியது. அதன் தொடர்ச்சியாக அவரே வழிநடத்திய டீச் ஃபார் இந்தியா 2009இல் மும்பையிலும் புணேயிலும் முதல் அணியை வகுப்பறைகளுக்கு அனுப்பியது. விடுமுறைத் தொண்டு போதாது, இரண்டு முழு ஆண்டுகள் வேண்டும் என்று அந்த அமைப்பு விதித்தது, மேலே சொன்ன ஜூன்–மார்ச் சிக்கலுக்கு அது கண்ட விடை. நல்ல விடைதான். ஆனால் அதன் வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கில வழியில் நடப்பவை.

தமிழ் எங்கே போனது

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழ் அவற்றில் ஒன்று. தாராவியில் தமிழ்வழிப் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. பெற்றோர் ஆங்கிலத்தை விரும்புவது ஒரு காரணம். 1960களில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த சிவசேனா பிரசாரம் தமிழைப் பொதுவெளியில் அடக்கி வாசிக்கக் கற்றுக்கொடுத்தது இன்னொன்று. மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படாதது: தன்னார்வ அமைப்புகள் பெருகியபோது அவற்றின் பாட அட்டைகளும் கதைப் புத்தகங்களும் பயிற்சியும் இந்த நகரில் முதன்மையாக மராத்தி, இந்தி, உருது, ஆங்கிலத்தைச் சார்ந்தே அமைந்தன. பெரும்பான்மைக்கு முதலிடம் தருவது இயல்பு. அதன் விளைவு, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை தன் மொழியை எழுதப் படிக்கத் தெரியாமலே பத்தாம் வகுப்பைத் தாண்டுகிறது.

இதில் என்னை வருத்தும் ஒரு முரண் உண்டு. பிரதம் 2005 முதல் நடத்தும் அசர் கணக்கெடுப்பு, பிள்ளையால் எழுத்தை, சொல்லை, பத்தியை, கதையைப் படிக்க முடிகிறதா என்று வீடு வீடாகப் போய்ச் சோதிக்கிறது. அந்த வேலையைச் செய்பவர்களும் தன்னார்வலர்களே. ஆனால் அது ஊரகக் கணக்கெடுப்பு. மும்பைச் சேரிகளில் முளைத்த ஓர் இயக்கத்தின் புகழ்பெற்ற அளவுகோல் தாராவியை அளப்பதில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த தாராவிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால் காட்டுவதற்கு அப்படியொரு அட்டவணை இல்லை.

தமிழ்நாடு இதற்கிடையே பக்கத்து வீட்டு அக்காவைத் தன் மொழியிலேயே கண்டெடுத்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை வகுப்பு எடுத்தனர். பெருந்தொற்றில் பிள்ளைகள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்தில் மீண்டது என்றும், அந்த மீட்சியில் கால் பங்கு அளவு இத்திட்டத்தால் வந்தது என்றும் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் கணித்துள்ளனர். தாராவியின் தமிழ்க் குடும்பங்கள் பல இன்றும் திருநெல்வேலி, தூத்துக்குடி ஊர்களோடு உறவு அறாதவை. அங்கே உருவான வாசிப்பு அட்டைகளும் பயிற்சிக் கையேடுகளும் இங்கே வந்துசேர எந்தத் தடையும் இல்லை. கேட்டு வாங்க ஓர் அமைப்புதான் வேண்டும். கிங்ஸ் சர்க்கிளின் பழைய சங்கங்களிடம் அதற்கான இடமும் பணமும் அனுபவமும் இருக்கின்றன.

காலம் மட்டும் குறைவாக இருக்கிறது. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை அதானி குழுமம் வென்றது. 2000 ஜனவரி 1க்கு முன் குடியேறிய தரைத்தளக் குடும்பங்களுக்கே தாராவிக்குள் இலவச வீடு. மற்றவர்கள் நகரின் வேறு பகுதிகளுக்கு அனுப்பப்படுவார்கள். மாடியில் வாடகைக்கு இருக்கும் ஆசிரியை ஒரு மூலைக்கும், கீழ்வீட்டில் அவரிடம் படித்த பிள்ளை இன்னொரு மூலைக்கும் போகலாம். பால்சகி முறையின் பலமே ஒரே சந்தில் இருப்பது என்பதை மேலே பார்த்தோம். எனவே வீட்டுக் கணக்கெடுப்போடு, எந்தச் சந்தில் யார் எந்த மொழியில் மாலை வகுப்பு நடத்துகிறார் என்ற பட்டியலும் இப்போதே எடுக்கப்பட வேண்டும். புதிய கட்டடங்கள் ஒவ்வொன்றிலும் அதற்கு ஓர் அறை வரைபடத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும். தாராவிக்கு வெளியே அனுப்பப்படும் குடும்பங்களின் குடியிருப்புகளுக்கும் இதே விதி பொருந்த வேண்டும்.