பென்ஷன் சட்டங்கள்: ஒன்றுக்கு 8 ஆண்டு, இன்னொன்றுக்கு சில நாள்... நாடாளுமன்றத்தில் நடந்தது என்ன?

வாசுதேவநல்லூரில் மத்திய அரசுப் பணியில் இருந்து 2015-ல் ஓய்வு பெற்ற ஒருவர். அதே பதவியில் இருந்து 2016-ல் ஓய்வு பெற்ற இன்னொருவர். இருவருக்கும் ஒரே அளவு பென்ஷன் கிடைக்க வேண்டுமா? கேள்வி ரொம்ப சிம்பிள். ஆனால், இதற்கான பதில் 2025 மார்ச்சில் பட்ஜெட்டோடு சேர்த்து சட்டமாகிவிட்டது. பலருக்கு இது தெரியவே இல்லை.

முதலில் பழைய கதை

மத்திய அரசில் 2004 ஜனவரி 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு (ராணுவத்தினர் தவிர) பழைய பென்ஷன் கிடையாது, என்.பி.எஸ். தான். இந்தத் திட்டத்தைக் கண்காணிக்கும் ஆணையத்துக்கான மசோதா 2005-ல் மக்களவைக்கு வந்தது. பி.சி.கந்தூரி தலைமையிலான நிதித்துறை நிலைக்குழு அதை ஆய்வு செய்தது. இடதுசாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். 2009-ல் மக்களவையின் காலம் முடிந்ததும் மசோதா காலாவதியானது.

2011-ல் மறுபடியும் வந்தது. இந்த முறை யஷ்வந்த் சின்ஹா தலைமையிலான குழு. 2013 செப்டம்பரில்தான் இரு அவைகளிலும் நிறைவேறியது. அந்தச் சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால், குறைந்தபட்ச வருமானத்துக்கு உத்தரவாதம் உள்ள திட்டத்தைத் தேர்வு செய்யும் வாய்ப்பு, ஒரு பென்ஷன் நிதி நிறுவனமாவது அரசு நிறுவனமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, தன் பங்களிப்பில் 25 சதவீதம் வரை இடையில் எடுக்கும் வசதி எல்லாம் இருக்கும். இழுத்தடிப்பு என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால், ஆண்டுக்கணக்கில் நடந்த வாதத்தின் தடயம் சட்டத்திலேயே தெரிகிறது.

2025-ல் என்ன நடந்தது?

நிதி மசோதா 2025-க்குள் ஒரு தனிப் பகுதி. மத்திய சிவில் பென்ஷன் விதிகளை அது செல்லுபடியாக்கியது. ஓய்வூதியர்களை வகைப்படுத்தவும், ஓய்வு பெற்ற தேதியை வைத்து வேறுபடுத்தவும் அரசுக்கு அதிகாரம் உண்டு, எப்போதும் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது. அதுவும் 1972 ஜூன் 1 முதல் முன்தேதியிட்டு! மார்ச் 25-ல் மக்களவை, 27-ல் மாநிலங்களவை... முடிந்தது.

நிலைக்குழு? நிதி மசோதா அங்கே போவதில்லை. அது பண மசோதாவாக வருவதால் மாநிலங்களவை பரிந்துரை மட்டுமே செய்யலாம், தடுக்க முடியாது. 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும்.

ஏன் கவலை?

1982 டிசம்பர் 17. நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு தேதியைக் கோடாகப் போட்டு அதற்கு முன் ஓய்வு பெற்றவர்களை உயர்த்தப்பட்ட பென்ஷனில் இருந்து விலக்கியது தவறு என்று தீர்ப்பளித்தது. அந்த நாளைத்தான் இன்றும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அந்தத் தீர்ப்பின் பலனையே புதிய சட்டம் பறித்துவிடும், 8-வது ஊதியக்குழு வரும்போது நம்மைக் கழற்றிவிடுவார்கள் என்பதுதான் ஓய்வூதியர் சங்கங்களின் அச்சம்.

நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனோ, இது ஏற்கெனவே உள்ள விதிகளை உறுதி செய்வது மட்டுமே, தற்போதைய சலுகைகள் மாறாது என்று மாநிலங்களவையில் விளக்கம் அளித்தார். சரி, அப்படியே இருக்கட்டும். அதை ஒரு குழு முன்பு அதிகாரிகளும் சங்கங்களும் உட்கார்ந்து பேசியிருந்தால், இந்த அச்சத்துக்குப் பாதி வேலை இருந்திருக்காது.

நிலைக்குழு என்றால் யார்?

மக்களவையில் 21 பேர், மாநிலங்களவையில் 10 பேர், ஆக 31 எம்.பி.க்கள். கேமரா கிடையாது, அதனால் கட்சிக் கூச்சலும் குறைவு. பொதுமக்களிடம் எழுத்துப்பூர்வமாகக் கருத்து கேட்பார்கள். பரிந்துரையை அரசு ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. 15-வது மக்களவையில் சுமார் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17-வது மக்களவையில் அது சுமார் 16 சதவீதம்.

2025 ஏப்ரல் 1 முதல் அமலான யு.பி.எஸ். திட்டமும் தனி மசோதாவாக வரவில்லை, அரசு அறிவிக்கையாகவே வந்தது.

நம்ம ஊர் வாத்தியாருக்கு?

மாநில அரசு ஆசிரியர்கள், ஊழியர்களுக்கு இந்த 2025 சட்டம் நேரடியாகப் பொருந்தாது. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களின் சி.பி.எஸ். விவகாரம் தனி. அதற்கான கதவு டெல்லியில் இல்லை, சென்னையில். மத்திய ஓய்வூதியர் என்றால், வாசுதேவநல்லூர் சட்டமன்றத் தொகுதி வருவது தென்காசி மக்களவைத் தொகுதிக்குள். மனு கொடுக்க வேண்டியது அந்த எம்.பி.யிடம்.