பொன்டினோ சமவெளி: வடிகால், காய்ச்சல், குடியேற்றம்

சதுப்பை வற்றவைத்து விளைநிலமாக்கிய வரலாறுகளைப் பொறியாளர்களின் வெற்றிக் கதைகளாகவே எழுதிவைப்பது வழக்கம். ரோம் நகருக்குத் தென்கிழக்கே கிடக்கும் பொன்டினோ சமவெளி அந்த வழக்கத்துக்கு அடங்காது. வாய்க்கால் வெட்டத் தெரியாமல் அங்கே யாரும் தோற்கவில்லை. வெட்டியதை ஆண்டுதோறும் தூர்வார ஊர் இல்லாமல் தோற்றார்கள். காய்ச்சலால் ஊர் அமையவில்லை. தேங்கிய நீரால் காய்ச்சல் ஒழியவில்லை. இந்த மூன்று முடிச்சுகளையும் ஒருசேர அவிழ்த்ததால்தான் 1930-களின் திட்டம் நிலைத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதும் வாதத்தின் பகுதிதான்.

1. நிலக்கிடப்பு

ஏறத்தாழ 800 சதுர கிலோமீட்டர் சமவெளி. ஒரு பக்கம் லெபினி, அவுசோனி மலைகள். மறுபக்கம் திர்ரேனியக் கடல். கடலோரத்தில் பழைய மணல்மேடுகள் நீளவாக்கில் கரைபோல எழுந்து நிற்கின்றன. நிலத்தின் மிகத் தாழ்ந்த பகுதி மலையடிவாரத்தை ஒட்டியே இருக்கிறது. சில இடங்கள் கடல்மட்டத்துக்கும் கீழே. ஆகவே மலையிலிருந்து இறங்கும் நீருக்குக் கடலை நோக்கிய சரிவு கிடையாது. லெபினி மலை சுண்ணாம்புப் பாறையாலானது. பெய்த மழையை உள்வாங்கி, அடிவாரத்தில் ஊற்றாக ஆண்டு முழுவதும் கசியவிடும். மழைக்காலம் முடிந்தாலும் வரத்து நிற்காது.

2. இரண்டாயிரம் ஆண்டுத் தோண்டல்

கி.மு. 312-இல் ஆப்பியஸ் கிளாடியஸ் போட்ட ஆப்பியன் சாலை இச்சதுப்பின் ஊடே நேர்கோடாகச் சென்றது. கி.மு. 160-இல் கான்சல் கொர்னேலியஸ் கெதேகஸ் வடிகால் வெட்டினார். சீசர் திட்டமிட்டார், முடிக்கும் முன் கொலையுண்டார். சாலையோரக் கால்வாயில் இரவுப் படகேறிய கவிஞர் ஹொரேஸ், கொசுவும் தவளையும் தம்மைத் தூங்கவிடவில்லை என்று எழுதிவைத்தார். 1586-இல் போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் வெட்டிய கால்வாய் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

இவற்றுள் தனித்து ஆராயத்தக்கது 1777-இல் போப் ஆறாம் பயஸ் தொடங்கிய பணி. பொறியாளர் கயெத்தானோ ரப்பீனி சாலையை ஒட்டி நீண்ட நேர்க்கால்வாய் ஒன்றை வெட்டினார். வேலையில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் மீட்ட நிலம் நீண்டகாலக் குத்தகையாகப் பெருங்குடும்பங்களின் கைக்குப் போனது. அவர்கள் அதை மேய்ச்சலுக்கு விட்டு ரோமில் வாழ்ந்தார்கள். மலையூர்க்காரர்கள் குளிர்காலத்தில் இறங்கிவந்து கூரைக்குடிசை போட்டு ஆடு மேய்த்தார்கள், கரி சுட்டார்கள். கோடை தொடங்கியதும் காய்ச்சலுக்கு அஞ்சி மலையேறிவிட்டார்கள். கால்வாயில் பாசியும் கோரையும் அடைத்தன. அதைப் போக்கக் கண்ட வழி, எருமை மந்தையைக் கால்வாய்க்குள் இறக்குவது. ஓடக்காரர்கள் நீண்ட கழியால் பின்னின்று முடுக்க, கழுத்தளவு நீரில் எருமைகள் செடிகொடிகளை மிதித்துக் கிழித்துக்கொண்டு நகரும். கரையும் கூடவே சரிந்தது என்பது வேறு விஷயம். ஏரி, வாய்க்கால்களை ஊராரே தூர்வாரிப் பேணும் குடிமராமத்து என்ற ஏற்பாடு நம்மூரில் குடிகள் இருந்ததால் நடந்தது. இங்கே குடிகளே இல்லை.

3. காய்ச்சலுக்குக் காரணம் புலப்பட்டபின்

கெட்ட காற்றே நோய்க்கு மூலம் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. மனித மலேரியாவை அனோபிலிஸ் கொசு பரப்புவதை 1898-இல் ஜொவான்னி பத்திஸ்தா கிராஸி நிறுவினார். 1900 முதல் அரசு கொயினாவை விற்கவும் வழங்கவும் சட்டங்கள் வந்தன. சன்னல்களுக்குக் கம்பிவலை அடிக்கும் பழக்கமும் இக்காலத்ததே. வடிகால் முற்றுப்பெறும் முன்பே மனிதரைக் குடிவைக்க முடியும் என்ற துணிவு இங்கிருந்துதான் பிறந்தது. பின்னாளைய முசோலினி அரசின் பிரச்சாரம் இந்த முப்பதாண்டு மருத்துவப் பணியை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது.

4. 1928-க்குப் பின்

4.1 நீரைப் பிரித்தல்

1928 டிசம்பரில் முசோலினி அரசு இயற்றிய சட்டமும், வேளாண் பொருளியலாளர் அர்ரிகோ செர்பியேரி வடிவமைத்த 1933 சட்டமும் வடிகால், சாலை, வீடு, சுகாதாரம் அனைத்தையும் ஒரே பணியாக்கின. பொறியாளர்கள் நீரை மூன்று தட்டாகப் பிரித்தார்கள். மலையிலிருந்து வரும் மேல்நீரைச் சமவெளிக்குள் புகும் முன்பே மடக்கி, ‘முசோலினி கால்வாய்’ வழியே கடலில் விட்டார்கள். நடுத்தட்டு நீர் தன்னோட்டமாகவே வடிந்தது. அடித்தட்டு நீரை இறைக்கத்தான் வேண்டும். அதற்காக 1934-இல் இயங்கத் தொடங்கிய மத்ஸோக்கியோ பம்புநிலையம் வினாடிக்கு 36 கனமீட்டர் நீரை ஏற்றவல்லது. மேல்நீரைத் தடுத்துத் திருப்பியதால்தான் இறைக்க வேண்டிய அளவு கைக்கு அடங்கியது. திட்டத்தின் மூளை இதுதான் என்பேன். பத்திரிகைகளோ முசோலினி வெற்று மார்புடன் கதிரடித்த படத்தைப் போட்டன.

4.2 குடிகளை வைத்தல்

நிலத்தைப் பெற்றுப் பங்கிட்டது, முதல் உலகப்போர் வீரர்களுக்காக 1917-இல் அமைந்த தேசிய நிறுவனம். 1932 இறுதியிலிருந்து வெனெத்தோ, ஃப்ரியூலி, ஃபெராரா பகுதிகளின் குடும்பங்கள் ரயிலில் வந்திறங்கின. ஏறத்தாழ 3,000 பண்ணை வீடுகள். ஒவ்வொன்றுக்கும் தொழுவம், ரொட்டி அடுப்பு, கிணறு, வலையடித்த சன்னல். நிலம் பெரும்பாலும் 10 முதல் 30 ஹெக்டேர். லித்தோரியா (1932), சபௌதியா (1934), பொன்தீனியா (1935), அப்ரிலியா (1937), பொமேத்ஸியா (1939) என நகரங்கள் எழுந்தன. சிற்றூர்கள் பல கிராப்பா, பியாவே, இசொன்ஸோ என்று போர்க்களப் பெயர்களைத் தாங்கின.

முதலில் குடும்பங்கள் வாரக்குடிகளே. விளைச்சலில் பாதி நிறுவனத்துக்கு. விதை, மாடு, உரம் எல்லாம் கணக்குப் புத்தகத்தில் பற்று. நிலவுடைமை பிற்காலத்து வாக்குறுதி. பல தலைமுறையாகக் குளிர்கால மேய்ச்சல் கண்ட மலையூர்க்காரர்களுக்கு இந்தப் பங்கீட்டில் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. அவர்களுடைய குடிசைகள் அகற்றப்பட்டன. வடக்கத்தியரும் உள்ளூராரும் நெடுங்காலம் ஒருவரையொருவர் அயலாராகவே பார்த்தார்கள். அந்தோனியோ பென்னாக்கி இக்குடியேற்றத்தை வைத்து எழுதிய நாவல் 2010-இல் ஸ்திரேகா பரிசு பெற்றது.

5. பம்பு நின்றபோது

1943-இல் ஜெர்மானியப் படை பம்புகளை நிறுத்தி வயல்களில் நீர் ஏற்றியது. 1944 ஜனவரி 22-இல் நேசப்படை அன்ஸியோவில் இறங்கியபோது முசோலினி கால்வாயே போர்முனையின் ஓரெல்லையாயிற்று. எதிரியின் வண்டிகளை மறிக்க நீர் ஏற்றினார்களா, கொசுவைப் பெருக்கி நோய் பரப்பவே செய்தார்களா என்பதில் வரலாற்றாசிரியர்கள் உடன்படவில்லை. விளைவில் ஐயமில்லை: 1944-இல் மலேரியா பெருகித் திரும்பியது. உவர்நீரிலும் பெருகும் அனோபிலிஸ் லாப்ராங்கியே அங்கே உள்ளூர்க் கொசு. பம்புகளைச் செப்பனிட்டு, டி.டி.டி. தெளித்த பிறகே நோய் அடங்கியது.

6. இன்றைய நிலை

லித்தோரியா இப்போது லத்தீனா. அதைச் சுற்றிக் கிவிப்பழத் தோட்டங்களும் பிளாஸ்டிக் கூரை வேய்ந்த காய்கறிப் பண்ணைகளும். அங்கே குனிந்து வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள்; கங்காணிகள் வழியாகக் கூலிக்கு அமர்த்தப்பட்டு, சட்டம் சொல்லும் ஊதியத்துக்கும் குறைவாகப் பெறுபவர்கள் பலர். நிலமும் மாறியிருக்கிறது. மலையடிவாரத் தாழ்பகுதியின் மக்கிய தாவர மண், நீர் வற்றிக் காற்றுப் பட்டதும் சுருங்கித் தாழ்கிறது. வற்ற வற்றத் தாழும். தாழத் தாழ அதிகம் இறைக்க வேண்டும். அந்தச் செலவுக்காக வடிகால் கூட்டமைப்பு நில உடைமையாளர்களிடம் ஆண்டுதோறும் வரி வசூலிக்கிறது.