கழிப்பறை நீரோட்டக் குறைபாடு

கழிப்பறை நீரோட்டக் குறைபாடு என்பது, வீட்டுக் கழிப்பறையில் ஃபிளஷ் செய்யும்போது நீர் போதிய விசையுடன் பாயாததால் கழிவு முழுவதும் வெளியேறாமல் கோப்பையிலேயே தங்கிவிடும் நிலை ஆகும். ஃபிளஷ் டேங்கில் கோளாறு, கோப்பையின் விளிம்புத் துளைகளில் அடைப்பு, கழிவுக்குழாயில் அடைப்பு, செப்டிக் டேங்க் நிரம்பியிருத்தல் ஆகியன இதற்குப் பொதுவான காரணங்கள். இவற்றுள் எது என்பதை அறியாமல் உதிரிப் பாகங்களை மாற்றுவதால் பணமே விரயமாகும்.

இயங்கும் விதம்

ஃபிளஷ் கழிப்பறை ஒன்றை இங்கிலாந்தின் ஜான் ஹாரிங்டன் 1596 இல் விவரித்து எழுதினார். 1775 இல் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் வளைகுழாய் அமைந்த கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். கோப்பைக்குக் கீழே உள்ள இவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நின்று, சாக்கடை வளி வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது.

இந்தியாவில் பரவலாக உள்ள மேற்கத்தியக் கோப்பைகளில், விளிம்பிலிருந்து பாயும் நீர் கழிவை வளைவுக்கு அப்பால் தள்ளுகிறது. அமெரிக்கக் கோப்பைகளில் பெரும்பாலானவை வடிகுழல் தத்துவத்தில் கழிவை இழுப்பவை. ஆகவே அமெரிக்க நூல்களில் காணப்படும் அறிவுரைகள் அனைத்தும் நம் வீட்டுக்குப் பொருந்தா. தள்ளும் வகையில் நீரின் அளவு மட்டுமன்றி வேகமும் முக்கியம். 6 லிட்டர் நீர் சில நொடிகளில் கொட்டினால் கழிவு போய்விடும். அதே 6 லிட்டர் அரை நிமிடம் ஒழுகினால் கோப்பையில் ஒன்றும் அசையாது.

வாளிச் சோதனை

ஒரு வாளியில் 8 முதல் 10 லிட்டர் நீர் எடுத்து, கோப்பையின் நடுவே ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். கோப்பை ஏற்கெனவே விளிம்புவரை நிரம்பியிருந்தால் இதைச் செய்யலாகாது. ஊற்றிய நீர் கழிவுடன் விரைந்து இறங்கினால் கோப்பையும் குழாயும் சீராக உள்ளன. குறை ஃபிளஷ் டேங்கிலோ விளிம்புத் துளைகளிலோ இருக்கிறது. நீர் மேலேறி மெல்ல வடிந்தால் அடைப்பு வளைவிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது.

ஃபிளஷ் டேங்க்

மாடியில் உள்ள மேல்நிலைத் தொட்டியை உயர்த்தினால் ஃபிளஷ் வலுக்கும் என்பது பரவலான தவறான எண்ணம். ஃபிளஷ் டேங்கிலிருந்து நீர் இறங்கும் வேகம் அந்த டேங்கின் உயரத்தையும் நீர்மட்டத்தையும் சார்ந்தது. மேலிருந்து வரும் அழுத்தம் குறைந்தால் டேங்க் நிரம்ப நேரமாகும், அவ்வளவே. டேங்க் இல்லாமல் சுவர்க் குழாயில் நேரடியாகப் பொருத்தும் ஃபிளஷ் வால்வு இதற்கு விலக்கு. அதற்கு அழுத்தம் கட்டாயம் தேவை.

டேங்கின் மூடியைத் திறந்து, மிதவை சரியான உயரத்தில் நீரை நிறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே நீர்மட்டக் குறி இருக்கும். இல்லையெனில் வழிவுக்குழாயின் வாய்க்குச் சுமார் 2 செ.மீ. கீழே நீர் நிற்பது போதுமானது. அடியிலுள்ள வால்வு முழுதாக எழாமலோ எழுந்தவுடன் மூடிக்கொண்டோ பாதி நீரைத் தடுப்பதும் உண்டு.

நீரைச் சேமிக்க டேங்குக்குள் செங்கல் வைக்கும் பழக்கம் ஃபிளஷைக் கெடுக்கும். இருமுறை ஃபிளஷ் செய்தால் சேமிப்பும் போய்விடும். ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனத்தில் புரூஸ் தாம்சன் 1980 இல் உருவாக்கிய இரு பொத்தான் முறையே முறையான தீர்வு. எனினும் 10 லிட்டருக்கென வடிவமைத்த பழைய கோப்பைக்கு 6 லிட்டர் டேங்கை மாட்டினால் குறைபாடு நீங்காது.

உப்புப் படிவு

ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் நாளடைவில் விளிம்புத் துளைகளில் கால்சியம் கார்பனேட்டைப் படியவிடுகிறது. சிறு கண்ணாடியை விளிம்புக்கு அடியில் பிடித்தால் துளைகள் தெரியும். வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ நனைத்த துணியைச் சில மணி நேரம் பொதிந்து வைத்து, பிறகு மெல்லிய கம்பியால் குத்தி எடுக்கலாம். கடையில் விற்கும் ஆசிட்டுடன் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கக் கூடாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வளி வெளிப்படும்.

குழாய்

ஒரு கழிப்பறை மட்டும் மந்தமாக இருந்தால் அடைப்பு அதன் வளைவில் இருக்கலாம். ரப்பர் பம்பால் எடுத்துவிடலாம். வீட்டிலுள்ள எல்லாக் கழிப்பறைகளும் ஒருசேர மந்தமானால் பொதுக் குழாயையோ செப்டிக் டேங்கையோ ஐயுற வேண்டும். ஃபிளஷ் செய்யும்போது குளியலறை வடிகாலில் களகளவென்று ஒலி எழுந்தால், காற்றுப்போக்கிக் குழாயின் மேல்முனையைக் குளவிக் கூடோ சருகோ அடைத்திருக்கலாம்.

செப்டிக் டேங்க்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் ஆரோவில்லை ஒட்டியுள்ள குயிலாப்பாளையம் போன்ற சிற்றூர்களில், பாதாளச் சாக்கடையின் வேலையைப் பொதுவாகச் செப்டிக் டேங்கும் உறிஞ்சு குழியுமே செய்கின்றன. உறிஞ்சு குழியைச் சுற்றியுள்ள மண் நீரை ஏற்கும்வரைதான் கழிப்பறை இயங்கும். வடகிழக்குப் பருவமழையில் மண் நிறைந்துவிட்டால், கோப்பையிலும் டேங்கிலும் ஒரு பழுதும் இல்லாமலே ஃபிளஷ் மந்தமாகும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, இதே மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. அத்தகைய நாட்களில் லாரியை அழைத்து டேங்கைக் காலிசெய்வதும் பயன் தராது. சுற்றிலுமுள்ள நீர் உறிஞ்சு குழி வழியே திரும்ப வந்துவிடும். எடை குறைந்த பிளாஸ்டிக் டேங்க் காலியானால் மிதந்து மேலெழும் அபாயமும் உண்டு. நிலத்தடி நீர்மட்டம் இறங்கும்வரை நீரைக் குறைத்துப் பயன்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

மழையில்லாத காலத்திலும் மந்தம் நீடித்தால் அடிக்கசடு சேர்ந்திருக்கலாம். பொதுவாக 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை அகற்ற வேண்டும். இவ்விடத்தில்தான் ஒரு சாதாரண வீட்டுப் பழுது உயிர்ச்சேதமாக மாறுகிறது. டேங்கில் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் ஆகிய வளிகள் தங்கியிருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்தால் மூக்கு மரத்துப்போவதால், நாற்றம் இல்லை என்பது பாதுகாப்புக்கு அடையாளம் ஆகாது. முதலில் இறங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவரும் மாண்ட நிகழ்வுகள் தமிழகத்தில் பலமுறை நேர்ந்துள்ளன.

பாதுகாப்பு இன்றி ஒருவரைச் செப்டிக் டேங்கில் இறக்குவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. கூலி பேசி அமர்த்தும் வீட்டுக்காரரையும் அது கட்டுப்படுத்தும். 2014 இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய மரணங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அது 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது. "கொஞ்சம் இறங்கிக் கிளறிவிடுங்கள்" என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. கெட்டிப்பட்ட கசடை மேலிருந்தே நீர் பாய்ச்சிக் கரைத்து, உறிஞ்சு லாரியால் எடுத்துவிடலாம்.

கசடை அகற்றும்போது அடியில் சிறிதளவு விட்டுவைப்பது வழக்கம். அதிலுள்ள நுண்ணுயிரிகள் புதிய கழிவைச் சிதைக்கத் தொடங்கும். டேங்கைக் கழுவவோ பினாயில் ஊற்றவோ தேவையில்லை.