பச்சை மண்ணும் அடைத்த கதவும்

திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் பெயரைச் சொன்னாலே நீலி கதை கூடவே வந்துவிடும். ஒரு கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, வழிப்போக்கனாக வந்த வணிகனைத் தன் கணவன் என்று ஊர் நடுவே வழக்காடிய பேய்மகள் அவள். அவள் பேச்சை நம்பி அவன் உயிருக்குப் பிணை நின்ற 70 வேளாளர்களும் சொன்ன சொல் தவறியதற்காகத் தீயில் இறங்கினார்கள் என்று கதை முடிகிறது. பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார் வந்து சேர்ந்த தலமும் திருவாலங்காடுதான். பேயை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்ட வட்டாரத்தில், பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதும், தாயின் தலைமாட்டில் இரும்பு வைப்பதும், சிசுவின் கையில் வசம்பு கட்டுவதும் யாருக்கும் வேடிக்கையாகத் தோன்றியிருக்காது. இன்று குறைமாதத்தில் பிறந்து, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வாரங்கள் கிடந்து, ஒன்றரைக் கிலோவைத் தொட்டும் தொடாமலும் ஒரு குழந்தை வீடு திரும்பினால், வேப்பிலை இருந்த இடத்தில் "யாரையும் உள்ளே விடாதீங்க, இன்ஃபெக்ஷன் ஆயிடும்" என்ற எச்சரிக்கை தொங்குகிறது. எதிரியின் பெயர் மாறியிருக்கிறது. வீட்டைக் கோட்டையாகப் பார்க்கும் பார்வை மாறவில்லை. அந்தப் பார்வை பாதி வேலையைத்தான் செய்யும் என்பதற்கும், மீதிப் பாதியில்தான் குழந்தைகள் கைநழுவிப் போனார்கள் என்பதற்கும் வரலாற்றில் சான்று இருக்கிறது.

காவல் என்ற எண்ணம் நமக்கு மிகப் பழையது. நற்றிணையின் 40ஆம் பாட்டில் ஒரு பேறுகால வீடு வருகிறது. காவலுள்ள மனை, ஒலிக்கும் மணி, மணல் பரப்பிய பந்தல்; பிறந்த மகன் செவிலியின் பக்கத்தில் தூங்குகிறான்; தாய் வெண்சிறுகடுகு அப்பி, நெய் பூசிக் குளித்த ஈரத்தோடு கண்மூடிக் கிடக்கிறாள்; தகப்பன் நள்ளிரவில் திருடனைப் போல உள்ளே வருகிறான். இதில் நான் கவனிப்பது கடுகையோ நெய்யையோ அல்ல, செவிலியை. கதவு அடைத்திருந்தாலும் உள்ளே குழந்தையைப் பார்த்துக்கொள்வதையே வேலையாகக் கொண்ட ஒருத்தி இருக்கிறாள். பின்னாளில் தீட்டறை என்று இறுகிப்போன வழக்கத்தில் கதவு மிஞ்சியது, அந்த ஆள் மிஞ்சினாளா என்பது வீட்டின் வசதியைப் பொறுத்ததாகிவிட்டது. வசதியுள்ள வீட்டில் தாய்வீட்டு ஆட்கள் சூழ்ந்திருந்தார்கள். இல்லாத வீட்டில் காற்றில்லாத மூலை, கிழிந்த பாய், எப்படியும் எறியப்போகும் பழந்துணி. மருத்துவச்சி தொப்புள்கொடி அறுத்துப் போனதும் சேனை வைப்பதும், உரைமருந்து இழைத்துப் புகட்டுவதும், சாம்பிராணி காட்டுவதும் தொடங்கிவிடும். தீட்டு என்பது அந்தக் காலத்துத் தொற்றுத் தடுப்பு ஏற்பாடு என்று இப்போது பெருமையாகச் சொல்கிறார்கள். வருவோர் போவோர் கை படாமல் இருந்தது நல்லதுதான். ஆனால் குழந்தைக்கு மூச்சுத் திணறியதா, பால் இறங்கியதா என்று வெளியிலிருந்து எவரும் கேட்க முடியாமல் செய்ததும் அதே வழக்கம்தான்.

பிரசவம் வீட்டைவிட்டு வெளியேறிய கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். சென்னையில் 1844இல் தொடங்கிய பிரசவ மருத்துவமனைதான் பிறகு எழும்பூர் அரசு தாய் சேய் மருத்துவமனையாக வளர்ந்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடத் தொடங்கியது; திருவள்ளூரும் அரக்கோணமும் அந்தப் பாதையில் இருந்ததால் இந்தப் பக்கத்துக்குப் பட்டணம் எட்டும் தூரத்துக்கு வந்தது. திரைமறைவில் வாழ்ந்த கோஷா பெண்களுக்கென்று 1885இல் தனி மருத்துவமனை எழுந்தது. 1926இல் சென்னை மாகாணத்துக்குச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. ஆனாலும் கிராமத்துப் பிரசவம் உண்மையில் வெளியேறியது கிராமச் சுகாதாரச் செவிலியரும் 24 மணிநேர ஆரம்ப சுகாதார நிலையங்களும் வந்த பிறகே. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 விழுக்காடு. மாநிலத்தின் சிசு மரணம் 2020இல் ஆயிரம் பிறப்புக்கு 13; நாட்டுக்கு அது 28. இந்த வெற்றி எவ்வளவு பெரியதோ, அதற்குப் பிந்திய கேள்வியும் அவ்வளவு பெரியது: பிழைத்த குழந்தையை எங்கே, யார் கையில் கொடுக்கிறோம்?

இந்தக் கேள்வியை முதலில் உரக்கக் கேட்டது பாரிஸ். 1880களில் ஸ்தெஃபான் தார்னியே குறைமாதக் குழந்தைகளுக்கு வெப்பப் பெட்டி செய்தார், சாவு குறைந்தது. அவருக்குப் பின்வந்த பியேர் புதேன், பெட்டி காப்பாற்றிய குழந்தையை வீடு கைவிடுவதைக் கண்டார். தாயைப் பிரித்துவைத்தால் பால் வற்றுகிறது, பாசமும் தளர்கிறது என்று அவர் எழுதினார். 1892இல் வாரந்தோறும் குழந்தைகளை வரவழைத்து எடை பார்த்து, பால்குடியை விசாரிக்கும் ஒரு மருத்துவகம் தொடங்கினார். எடை பார்க்கக் கூப்பிடும் நம்முடைய வழக்கத்துக்கு அது மூதாதை. அமெரிக்காவில் மார்ட்டின் கூனி 1903 முதல் 1943 வரை கோனி தீவுப் பொழுதுபோக்குத் திடலில் இதே பெட்டிகளைக் காசு வாங்கிக் காட்சிக்கு வைத்தது விநோதமான கிளைக்கதை. பெட்டிக்குக் கூட்டம் சேர்ந்தது, வீட்டுக்குச் சேரவில்லை. பெட்டியே போதாத ஊரில்தான் வீடு மறுபடி மருத்துவத்துக்குள் வந்தது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற மருத்துவர், இடநெருக்கடி தாங்காமல், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு மார்பாகக் கட்டி வீட்டுக்கு அனுப்பி, திரும்பத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். கங்காரு பராமரிப்பு என்று நாம் இன்று சொல்வது அதைத்தான். இந்தியா உட்பட 5 நாடுகளில் 1 முதல் 1.8 கிலோ வரையுள்ள குழந்தைகளிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே தாயோ அவளுக்கு மாற்றாக வீட்டாள் ஒருவரோ இப்படி அணைத்துவைத்திருந்தபோது 28 நாளுக்குள் நேரும் இறப்பு 25 விழுக்காடு குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவையே தாய்க்குத் திறந்துவிட வேண்டும் என்று ஆகிவிட்டது.

இனி நம் ஊர்ச் சான்றுக்கு வரலாம். 1996இல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29ஆம் வாரத்தில் 1,250 கிராம் எடையோடு பிறந்த குழந்தை ஒன்று, 25 நாள் அளவுக்குத் தீவிர சிகிச்சையில் இருந்து பிழைத்து வீடு போனது. பெட்டியும் ஆக்சிஜனும் ரத்தமும் தம் வேலையைச் செய்திருந்தன. வீட்டுக்குச் சென்றும் மருத்துவர் பார்த்தார். குழந்தையைத் தொற்று அண்டாதபடி நான்கு சுவருக்குள் தனித்து வைக்க வேண்டும் என்பதே பெற்றோருக்குக் கிடைத்த அறிவுரை என்று பின்னர் வழக்கில் பதிவானது. குறைமாதக் குழந்தைக்கு விழித்திரையின் ரத்தநாளங்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்த பிறகு அவை தாறுமாறாகப் படர்ந்து திரையையே பிய்த்துவிடக்கூடும். ஏறத்தாழ 30 நாளுக்குள் கண்ணைப் பார்த்துவிட்டால், தேவைப்பட்டால் லேசர் வைத்துப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அந்த 30ஆம் நாள் இந்தக் குழந்தைக்கு வந்தது வீட்டில், அடைத்த கதவுக்குப் பின்னால். பல மாதம் கழித்துத் தெரிந்தபோது பார்வை போயிருந்தது. வழக்கு பல ஆண்டு நடந்து, 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. சோதிக்கவும் இல்லை, சோதிக்கச் சொல்லவும் இல்லை என்பதே குற்றம். பெற்றோரைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். எதை உள்ளே விடக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. குழந்தையை எப்போது, எதற்காக வெளியே கொண்டுபோக வேண்டும் என்று சொல்லப்படவில்லை. தீட்டறையின் தர்க்கம் ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு வந்தது போல இருக்கிறது இந்த வழக்கைப் படிக்கும்போது.

தொற்று பொய்யா என்று கேட்கலாம். இல்லை, ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு ஒருவருடைய சாதாரணச் சளியே ஆபத்து. நலம் விசாரிக்க வரும் கூட்டத்தை வாசலோடு நிறுத்துவது சரியான காரியம். ஆனால் தொற்று வருவது பெரும்பாலும் உள்ளே இருப்பவர் கையால்தான். கழுவாத விரல், கொதிக்கவைக்காத சங்கு, சளி எடுக்கிறேன் என்று மூக்கில் வாய் வைத்து ஊதுவது: இவற்றுக்குக் கதவு தடையில்லை. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிப் புண்ணாக்கும். சாம்பிராணிப் புகை முதிராத மூச்சை அடைக்கும். வெயில் கொளுத்தும் திருவள்ளூர் மாவட்டத்திலும், தலைக்குக் குளிப்பாட்டி மின்விசிறிக்கு நேரே கிடத்தினால் அந்த உடம்பு சில்லிட்டுப்போகும். மருத்துவமனையிலேயே இன்னும் சில வாரம் வைத்திருக்கலாமே என்பது அடுத்த மறுப்பு. அங்கேயும் தொற்று உண்டு, அதுவும் மருந்துக்கு அடங்காத வகை. படுக்கைக்கு அடுத்த குழந்தை காத்திருக்கிறது. குழந்தையைத் தூக்கிப் பழகாமலே தாய் வீடு போவாள் என்பது புதேன் காலத்திலிருந்தே தெரிந்த நஷ்டம்.

இவ்வளவும் சொன்ன பிறகு பலரும் எடுக்கும் முடிவு, பாட்டியை ஒதுக்கிவைப்பது. இந்தப் பக்கத்தில் ஆயா என்பார்கள்; கால்மேல் போட்டுக் குளிப்பாட்டி, எண்ணெய் வைத்து, உரைமருந்து ஊட்டும் அதே ஆயா. அவள் செய்வதில் பாதி தவறு என்பதற்காக ஆளையே தள்ளுவது, வீட்டிலிருக்கும் ஒரே செவிலியை வேலையைவிட்டு நீக்குவதற்குச் சமம். பாலாடை ஒன்றே இதற்குப் போதுமான பதில். நுனி குவிந்த மூக்குடைய அந்தச் சின்னக் கிண்ணத்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு கண்டுபிடிக்கவில்லை. ஆயாவின் சமையலறையிலிருந்து எடுத்துக்கொண்டது. உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைக்குப் புட்டி, கிண்ணம், பாலாடை மூன்றையும் ஒப்பிட்டு 1999இல் வெளியான இந்திய ஆய்வில், குறைந்த நேரத்தில் அதிகப் பால் இறங்கியது பாலாடையில்தான். குழந்தையைச் சற்று நிமிர்த்தி மடியில் வைத்து, பாலாடையின் மூக்கைக் கடைவாயோரம் சாய்த்து, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்ததைச் சரிக்கும் அந்தக் கைப்பழக்கம் பல ஆயாக்களுக்கு முன்பே உண்டு. கற்றுக்கொள்ள வேண்டியது பாலாடையை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போடுவதும், அதில் பீய்ச்சிய தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் ஊற்றாமல் இருப்பதும்தான். அதிகம் படிக்காத பெண்களால் இது ஆகுமா என்ற சந்தேகத்துக்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி பதில் சொல்லியிருக்கிறது. அபய் பங், ராணி பங் தம்பதி அங்கே 39 கிராமங்களில் ஊர்ப் பெண்களைப் பழக்கி, வீடு வீடாகப் போய் எடை பார்க்கவும் மூச்சு எண்ணவும் தொற்றுக்கு ஊசி போடவும் வைத்தார்கள். மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை மரணம் 62 விழுக்காடு சரிந்தது. உள்ளே வந்து பார்த்தவர்கள் கொண்டுவந்த பலன் அது.

அந்த முறையை 2011இல் மத்திய அரசு நாடு முழுவதற்குமான திட்டமாக்கியது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். சிறப்புப் பிரிவிலிருந்து திரும்பிய குழந்தைக்கு அதற்குப் பிறகும் வருகை உண்டு. மற்ற மாநிலங்களில் ஆஷா பணியாளர் செய்வதைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் கிராமச் சுகாதாரச் செவிலியரே தூக்கிச் சுமக்கிறார். 2015இல் மாநில அரசு கொடுக்கத் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் சோப்பு, எண்ணெய், ஷாம்பு, கிலுகிலுப்பை, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் எல்லாம் உண்டு. லேகியத்தைச் சேர்த்தது கெட்டிக்காரத்தனம். வீட்டு மருத்துவத்தோடு அரசு செய்துகொண்ட உடன்படிக்கை அது. ஆனால் குறைமாதக் குழந்தையின் வீட்டில் அந்தப் பெட்டியிலேயே விலைமதிப்புள்ள சரக்கு கைகழுவும் திரவம்தான். எண்ணெயும் ஷாம்புவும் சில வாரம் மூடியே இருக்கட்டும்.

இந்த ஏற்பாடு முழுவதும், வீடு என்றால் அங்கே ஒரு ஆயா இருப்பாள் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. திருவாலங்காட்டுப் பக்கம் அது பெரும்பாலும் பொருந்தலாம். இதே மாவட்டத்தின் மறுகோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றிய ஷீட் போட்ட ஒற்றை அறைகளில் பொருந்தாது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தம்பதிக்குத் தாய்வீடு ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறது. கணவன் ஷிஃப்டுக்குப் போனதும் அந்தக் கதவு தானாகவே அடைபடுகிறது. பேய்க்கும் தொற்றுக்கும் அஞ்சி யாரும் அடைக்க வேண்டியதில்லை. தமிழில் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டை உள்ளே இருக்கும் தாயால் படிக்க முடியாது. எந்த நாள் யார் வருவார் என்று சொல்ல அக்கம்பக்கம் பழகியிருக்காது. கூலி உயர்ந்த ஊருக்கோ அடுத்த செங்கல் சூளைக்கோ குடும்பம் நகர்ந்துவிட்டால் 14ஆம் நாள் வந்த செவிலியர் 21ஆம் நாள் பூட்டைத்தான் பார்ப்பார். அங்கே கண் பரிசோதனைக்குரிய நாள் வரும்போது, ஒன்றரைக் கிலோ குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு பட்டணத்துக்கு ரயிலேற ஒரு ஆள் துணை வேண்டும். அந்த ஆள் கணவன்தான். அவனுக்கு அன்றைக்குக் கூலி கிடையாது. அந்த ஒரு நாள் கூலியை யார் தருவது என்பதற்கு 42 நாள் வருகைப் பட்டியலில் இடமில்லை.