டர்ஹாம் பேராலயமும் அதன் கல் கூரையும்

இங்கிலாந்தின் வடகிழக்கே, வியர் ஆறு வளைந்தோடும் குன்றின் உச்சியில் டர்ஹாம் பேராலயம் நிற்கிறது. பக்கத்திலேயே கோட்டை. இந்த அண்மை தற்செயலானதன்று.

1066இல் நார்மாண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினார். வடபகுதி எளிதில் பணியவில்லை. அவர் அனுப்பிய ராபர்ட் கமின் 1069இல் டர்ஹாமிலேயே படையினரோடு கொல்லப்பட்டார். பதிலுக்கு வில்லியத்தின் படைகள் ஊர்களையும் தானியத்தையும் எரித்தன. மக்கள் பஞ்சத்தில் மடிந்தனர். அந்த மண்ணில்தான் 1093இல் ஆயர் வில்லியம் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஆங்கிலேயர் கட்டிய பழைய ஆலயம் இடிக்கப்பட்டது. ஆனால் அவர்கள் போற்றிய புனிதர் கத்பர்ட்டின் உடலை நார்மானியர் அகற்றவில்லை. 1104இல் புதிய ஆலயத்துக்குள் மரியாதையோடு கொண்டுவந்து வைத்தனர். ஆலயத்தை இடிக்கலாம், புனிதரைத் தொட்டால் வடக்கு மீண்டும் கிளம்பும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் என்றே தோன்றுகிறது.

உள்ளே நுழைவோரை முதலில் நிறுத்துபவை தூண்கள். அவற்றின் சுற்றளவும் உயரமும் ஏறக்குறைய 6.6 மீட்டர். சிலவற்றில் வளைந்து வளைந்து செல்லும் கோடுகள், சிலவற்றில் சாய்சதுரங்கள் ஆழமாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆனால் கட்டடக்கலை மாணவர் நிமிர்ந்து கூரையைப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் பெரிய ஆலயங்கள் பலவற்றுக்கு மரக்கூரையே இருந்தது. அது எளிதில் தீப்பற்றும். டர்ஹாமில் சுமார் 22 மீட்டர் உயரத்தில் கல் கூரை அமைத்தனர். குறுக்கும் மூலைவிட்டமுமாகக் கல் விலா வளைவுகளை எழுப்பி, இடைவெளிகளைக் கற்களால் நிரப்பினர்.

இதில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. அரைவட்ட வளைவின் உயரம் அதன் அகலத்தில் பாதி. எனவே அகலம் மாறினால் உயரமும் மாறும். கூரை சமமாக அமையாது. நடுக்கூடத்தில் இதற்கு விடை கண்டனர்: குறுக்கு வளைவுகளைக் கூர்முனையாக்கினர். கூர்வளைவின் உயரத்தை அகலத்துக்குக் கட்டுப்படாமல் வேண்டியபடி வைக்கலாம். 1133 அளவில் இவ்வேலை முடிந்தது. பின்னர் பிரான்சில் வளர்ந்த கோதிக் ஆலயங்களின் இரு முக்கியக் கூறுகள், விலாக் கூரையும் கூர்வளைவும், இங்கே முன்பே ஒன்றாக இருந்தன. எல்லாமே வெற்றியல்ல: கிழக்குப் பகுதியின் முதல் கல் கூரை விரிசல் கண்டு 13ஆம் நூற்றாண்டில் மாற்றப்பட்டது.

மேற்குக் கோடியில் தரையில் பதித்த ஒரு கருங்கல் கோட்டையும் காணலாம். துறவியர் காலத்தில் பெண்கள் அதைத் தாண்டிப் புனிதரின் சமாதியை நெருங்க முடியாது. அவர்களும் வழிபட ஏற்றவாறு, அந்தக் கோட்டுக்கு அப்பால் 12ஆம் நூற்றாண்டில் கலிலேயாச் சிற்றாலயம் எழுந்தது. ஆங்கிலேயரின் திருச்சபை வரலாற்றை எழுதிய துறவி பீட் இன்று அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்.